கடலூரைத் தாண்டாத மாப்பிள்ளை

"கல்யாணம் பண்ணிக்கிட்டு எங்க வேணும்னாலும் போ. பண்ணிக்காம மஞ்சக்குப்பத்தத் தாண்டக் கூடாது."

வேலம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். அவள் முறத்தைக் கீழே வைத்துப் பேசினால் அந்த வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மகன் உத்திராபதிக்கு அழுகையே வந்துவிட்டது. சிதம்பரத்தில் எம்.ஏ. படிக்கும் அவனை அந்த அறுபத்து நாலாம் வருஷம் அமெரிக்காவுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஓராண்டு அங்கே படிப்பு, லீவு நாட்களில் கிராமங்களில் தொண்டு. ஆவணியில் கப்பல். அப்பா கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் மட்டும் இந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பா கொளஞ்சியப்பனோ கடலூர் தாலுகா ஆபீசில் நாள் முழுக்கக் கையெழுத்துப் போடுகிறவர். வீட்டில் அம்மாவைக் கேட்காமல் பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டார்.

வேலம்மாளுக்கு அந்தத் தொண்டு விஷயம் புரியவே இல்லை. "இங்க ஒரு கொடம் தண்ணி எடுத்தாந்து வைக்காதவன், அங்க போயி யாருக்கு என்னா செஞ்சிடப் போறான்?" என்று கேட்டாள். உண்மையில் அவளுடைய பயம் வெள்ளைக்காரியைப் பற்றியது. ஒரு மருமகளைப் பிடித்துத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டால், பிள்ளை போன வழியே திரும்பி வந்துவிடுவான் என்பது அவள் திட்டம்.

ஆனால் கப்பல் ஏறப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? தாலி ஏறும் வரை அமெரிக்காவைப் பற்றி ஒருவரும் மூச்சு விடக் கூடாது என்று தாய்மாமன் கலியமூர்த்தி உத்தரவு போட்டார். உத்திராபதிக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. இருந்தாலும் அமெரிக்கா ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

சிதம்பரத்தில் பெண் அமைந்தது. பெயர் அமிர்தம். மெட்ராசில் விடுதியில் தங்கிப் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். காப்பி கொடுக்கும்போது அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. எவ்வளவு அடக்கம் என்று வேலம்மாள் பூரித்துப் போனாள்.

பெண்ணின் அப்பா சக்கரபாணி பாத்திரக்கடை வைத்திருப்பவர். நிலம் எவ்வளவு, வேலை எப்போது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாப்பிள்ள வெளியூரு கிளியூரு போற ஆளு இல்லியே?"

கொளஞ்சியப்பனுக்குப் புரையேறியது. கலியமூர்த்தி முந்திக்கொண்டார்.

"படிக்கிறதுக்கு இந்தச் செதம்பரம் வரைக்கும் வரான். அதுக்கே சாயங்கால ரயிலப் புடிச்சி அம்மாகிட்ட ஓடிடுவான்."

"அது போதும். வேற எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று சக்கரபாணி மகிழ்ச்சி தாங்காமல் எழுந்து வந்து மாப்பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தார். கப்பல் பயணத்துக்கான தடுப்பூசியை உத்திராபதி ஆசை ஆசையாய்ப் போட்டுக்கொண்டதில் கொழுக்கட்டையாக வீங்கியிருந்த கை அது. அவன் "ஐயோ" என்றான். பையனுக்குக் கூச்சம் ஜாஸ்தி என்று மாமா சமாளித்தார்.

பாவம், மகள் தனியாக நின்றுவிடக் கூடாதே என்று தவிக்கிறார் மனுஷன் என்று உத்திராபதி நினைத்தான். தட்டில் இருந்த கேசரி அவனுக்கு இறங்கவில்லை.

பத்தே நாளில் கல்யாணம் நடந்தது. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் வேலம்மாள் தலையசைத்தாள். கொளஞ்சியப்பன் பந்திக்குக்கூடப் போகாமல், சந்தனம் ஒட்டிய விரலோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கலியமூர்த்தியே போய்க் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் மறுவீட்டு விருந்து. சாயங்காலம் சிதம்பரத்து வீட்டின் மொட்டை மாடியில் அமிர்தமும் அவனும் தனியாக நின்றார்கள். இனியும் மறைப்பது மகாபாவம் என்று அவனுக்குத் தோன்றியது. இவள் அழுதால் துடைக்க இருக்கட்டும் என்று கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டான்.

"அமிர்தம், ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

அவன் மேலே சொல்வதற்குள் அவள் கண்கள் நிறைந்துவிட்டன. சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல நான் சொல்லிடறேங்க. மூணு நாளா சோறு எறங்கல. வர செவ்வாக்கெழம நான் ஜப்பானுக்குக் கப்பல் ஏறுறேன். ஒரு வருஷம் படிப்பு. புருஷன்னு ஒருத்தர் ஊர்லியே இருந்தாதான் பொண்ணு ஒழுங்கா திரும்பி வருவான்னு, ஊரத் தாண்டாத மாப்பிள்ளையா ஆறு மாசம் தேடி எங்கப்பா உங்களக் கண்டுபுடிச்சாரு. நீங்க என்னமோ சொல்லணும்னீங்களே, என்னங்க அது?"