பிக்கிளின் மணி

"திரும்பவும் அடிக்குது, வெண்டல். அது பிக்கிளோட மணிதான்."

நோரீன் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அமெரிக்காவின் வெர்மான்டில் குளிர் தொடங்கி, அன்று காலையில்தான் ஹீட்டரைப் போட்டிருந்தார்கள். தரையில் சூடான காற்று வரும் கம்பி மூடியை நோக்கிப் புதுப் பூனைக்குட்டி வாஃபிள் ஆசையாக நடந்தது. கிட்டே போனதும், கிணிங். குட்டி முடி சிலிர்த்துப் பின்வாங்கியது.

"தகரக் குழாய் சூடாகுது, சத்தம் வருது. உடனே பேய் பிசாசுன்னு ஆரம்பிக்காதே" என்றான் கணவன்.

அவர்களுடைய பழைய பூனை பிக்கிள் வசந்தத்தில் செத்துப்போனது. ஒட்டுவாரொட்டி நோய். கிருமி வீட்டுக்குள் ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கும் என்று கால்நடை டாக்டர் எச்சரித்ததால், வெண்டல் கிண்ணம், படுக்கை, பொம்மை எல்லாவற்றையும் குப்பையில் போட்டான். பிளீச் ஊற்றித் தேய்த்ததில் வீடே நீச்சல் குளம் மாதிரி நாறியது. அடுத்த குட்டி தடுப்பூசி எல்லாம் போட்டு முடித்த பிறகே வரவேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். நோரீனுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு ஊசி பாக்கியிருக்கும்போதே வாஃபிளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன். பிக்கிளுக்குப் பிடிக்கல. இதைக் கிட்டயே அண்ட விடமாட்டேங்குது. நாளைக்கே பூனைக் காப்பகத்துல திருப்பிக் கொடுத்துடறேன்."

"செத்த பூனைக்குப் பொறாமை வேறயா? நல்லாருக்கு."

கேலிதான் செய்தான், ஆனால் அவன் முகத்தில் சிரிப்பில்லை. ஹீட்டரை அணைத்துவிட்டு, திருப்புளியோடு வந்து மண்டியிட்டு மூடியைக் கழற்றினான்.

உள்ளே பிக்கிளின் கம்பளி எலிப் பொம்மை கிடந்தது. வாந்தி காய்ந்து விறைத்துப்போயிருந்தது. வீட்டையே தேய்த்தவன் அந்த ஓட்டைக்குள் மட்டும் எட்டிப் பார்த்திருக்கவில்லை. எலியின் வால் கம்பி இடுக்கு வரை நீட்டிக்கொண்டிருந்தது. குட்டி கையை விட்டால் எட்டியிருக்கும்.

நோரீன் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இதை மட்டும் வாயில வச்சிருந்தா..."

"வைக்கலியே. குட்டியை மாடி அறைல விட்டுக் கதவைச் சாத்து. நான் இங்க திரும்பவும் தேய்க்கணும்."

அவள் வாஃபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ அந்த எலியில இருந்த மணிதான் அடிச்சுதா?"

"ஆமா. வேறென்ன?"

"அப்பாடா. நான் வேற பிக்கிளைப் போய்த் தப்பா நினைச்சேன்" என்று சிரித்தபடி மேலே போனாள்.

வெண்டல் கையுறை மாட்டி, எலியைப் பையில் போட்டுக் கட்டினான். அதில் மணியே இல்லை. பிக்கிளின் கழுத்து மணியைக் கழற்ற மனம் வராமல், பின்பக்கத்து ஆப்பிள் மரத்தடியில் அதோடு சேர்த்துப் புதைத்தவன் அவனேதான்.