ஜப்பான் காமிராவும் செல்வியின் தலையும்

"என்னவே இது? பொண்ணா, பனிமூட்டமா?"

ஜோதிலிங்கம் போட்டோவை மேஜை மேல் போட்டார். காபி கொண்டுவந்த கோமதி எட்டிப் பார்த்தாள். பட்டுப்புடவையில் ஏதோ ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. அது ஜோதிலிங்கத்தின் மகள் செல்வி என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

படம் எடுத்தவர் கோமதியின் கணவர் மாணிக்கவாசகம். கொஞ்சமும் அசரவில்லை.

"டெல்லி டிசம்பர் வெளிச்சம் அண்ணாச்சி. மீட்டரே திணறிப் போச்சு."

கோமதி பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் காமிரா அது. வந்த நாளிலிருந்து வீட்டில் அதற்குத்தான் முதல் மரியாதை. லென்ஸைத் துடைக்கத் தனித் துணி. ஃபிலிம் சுருளுக்குப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளின் ஃபிரிட்ஜில் தனி இடம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் குளியலறை இருட்டறையாகிவிடும். மத்தியானம் வரை குழந்தைகள் குளிக்காமல் திரிவார்கள். கடைசியில் கழுவிக் காயப்போட்டு எடுத்தால் இப்படி ஒரு பனிமூட்டம்.

"பேசாம ஸ்டூடியோவுல எடுத்திரலாமே அண்ணாச்சி?" என்றாள்.

"எடுக்கலாம். அவன் பொம்பளைப் பிள்ளை படத்தைப் பெரிசாக்கி வாசல் கண்ணாடியில மாட்டிருவான். மோதி பாக்ல ஒருத்தர் மக ரெண்டு வருஷமா அப்படித்தான் ரோட்டைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருக்கா. அந்த வம்பே வேண்டாம்." ஜோதிலிங்கம் மாணிக்கவாசகம் பக்கம் திரும்பினார். "தூத்துக்குடி மாப்பிள்ளை வீட்டுல பொண்ணு படத்தைப் பார்த்துட்டுத் தையிலயே முகூர்த்தம் வைக்கணுங்காக. ஒரு நல்ல படமா எடுத்துக் குடும்வே. நம்ம சங்கத்து ஆண்டு விழாவுக்கு நீர்தான் போட்டோகிராபர். செயலாளர் நான் சொல்லுதேன்."

மாணிக்கவாசகத்துக்கு முகமெல்லாம் பல். கிட்வாய் நகர்த் தமிழர்கள் அத்தனை பேரும் பார்க்க, மேடைக்கு முன்னால் முழங்கால் போட்டு நின்று ஃபிளாஷ் அடிக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகத் தவம் கிடக்கிறார். தூக்கத்தில்கூட "எல்லாரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று உளறுவார்.

அடுத்த ஞாயிறு, புல்வெளியில் மூன்று கால் ஸ்டாண்டு நின்றது. செல்வி பட்டுடுத்தி, ஒட்டியாணம் கட்டி, கையில் பி.எஸ்ஸி. பாடப் புத்தகத்தோடு வந்தாள். மாணிக்கவாசகம் அவள் தாடையடியில் வெளிச்சம் அளக்கும் மீட்டரை நீட்டிக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பார்த்தார். முன்னால் போனார், பின்னால் போனார். அரை மணி நேரம் கழித்து கிளிக், கிளிக் என்று இரண்டு சத்தம் கேட்டது.

"கழுத்துக்குக் கீழ பிரமாதம்வே!" என்றார் ஜோதிலிங்கம், படத்தைப் பார்த்துவிட்டு. "ஒட்டியாணத்துல கல்லை எண்ணிரலாம். தலை எங்கவே?"

"லென்ஸ் கொஞ்சம் சக்தி ஜாஸ்தி அண்ணாச்சி. கிட்டக்க இழுத்திருச்சு."

மூன்றாவது தடவை தலை விழுந்தது. ஆனால் கண் இரண்டும் மூடியிருந்தது.

ஜோதிலிங்கம் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "தூங்குத பொண்ணையா தூத்துக்குடிக்கு அனுப்புவேன்? ஆண்டு விழாவுக்கு ஸ்டூடியோக்காரனையே வரச் சொல்லுதேன். உம்ம காமிராவை பீரோவுல வச்சுப் பூட்டும்!"

மாணிக்கவாசகம் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் ஒருவர், "சார், என்னையும் ஒரு படம் எடுங்க. தலையை மட்டும் விட்டுராதீங்க" என்றாராம். காய்கறி வண்டிக்காரன் முன்னால் வைத்து அதைக் கோமதியிடமே சொல்லிச் சிரித்தார்கள். அவளுக்கு மானம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை குளியலறை மறுபடி உள்ளே தாழ்ப்பாள். கோமதிக்கு வந்ததே கோபம்.

"தலையை வெட்டினதெல்லாம் போதும், வெளிய வாங்க!" என்று கதவை இடித்தாள்.

கதவு திறந்தது. கொடியில், துணிக்குப் போடும் கிளிப்பில், ஈரம் சொட்ட ஒரு படம் தொங்கியது.

செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள். மூக்குத்திக் கல் மின்னியது. காற்றில் கலைந்த நெற்றி முடிகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மடியில் அந்தப் பாடப் புத்தகம்.

"இம்புட்டு அழகா எடுக்கத் தெரியுமா உங்களுக்கு? பின்ன ஏங்க இத்தனை அசிங்கப்பட்டீங்க?"

"சத்தம் போடாத. இது வைகாசியில குடுக்க வேண்டியது."

"வைகாசியிலயா?"

"தையில கல்யாணம்னா அண்ணாச்சி அவ படிப்பை நிறுத்திருவாரு. 'கடைசிப் பரீட்சை முடியுத வரைக்கும் நான் படத்துல நல்லா விழக்கூடாது மாமா'ன்னு அந்தப் பிள்ளை முதல் நாளே அழுதுச்சு, கோமு."

"அப்ப ஆண்டு விழா?"

"அது வருஷா வருஷம் வரும்லா" என்றார், லென்ஸை அதன் தனித் துணியால் துடைத்துக்கொண்டே.

கோமதிக்கு அந்த மனுஷரை உட்கார வைத்துத் திருஷ்டி சுற்றிப் போட வேண்டும் போலிருந்தது.

வாசலில் ஜோதிலிங்கத்தின் குரல் கேட்டது. "வே மாணிக்கம்! இன்னைக்கு நல்ல வெயில் அடிக்கு. கடைசியா ஒருக்க எடுத்துப் பாப்பமா?"

கோமதி குளியலறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, மாடி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"எடுக்கட்டும் அண்ணாச்சி! ஆனா இவுகளுக்குக் காமிராவே பிடிக்கத் தெரியலை. கை பழக எப்படியும் வைகாசி ஆயிரும்!"