சிறுத்தையும் என் இடுப்பெலும்பும்

நான் நொண்டுவதற்குக் காரணம் ஒரு சிறுத்தை. தலைத் தீபாவளிக்கு வால்பாறை மாமனார் வீட்டுக்குப் போனபோது அதனுடன் கட்டிப் புரண்டதாக நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறேன்.

இப்போதைய எக்ஸ்ரே எந்திரமோ எலும்பைப் படம் எடுத்ததும் அதன் வரலாற்றை உரக்கச் சொல்லிவிடுகிறது. படம் கலங்கட்டும் என்று, வெள்ளி அரைஞாணைக் கழற்றிவிட்டு மேசையில் படுத்த நான் வேண்டுமென்றே ஆடினேன்.

“ஆடாம படுங்க!” என்று என் மனைவி வடிவாம்பாள் அதட்டினாள். சிறுத்தைக்கே அஞ்சாத உடம்பு உறைந்துபோனது.

“இடுப்பில் பழைய முறிவு. ஸ்டூலில் ஏறி முறுக்கு டின்னை எடுக்கும்போது விழுந்தது,” என்றது எந்திரம்.

“அடப்பாவி மனுஷா! அந்த முறுக்குக்காக எங்கம்மா என் தம்பியையில்ல வெளுத்தாங்க!”

உடனே தம்பிக்குப் போன் செய்துவிட்டாள். மைத்துனர் கம்போடு வந்துகொண்டிருக்கிறார். அடுத்த படத்தில் எந்திரம் என்ன சொல்லும் என்று எனக்கு இப்போதே தெரியும்.