புளியங்கொட்டை

காலையிலிருந்து சூளையில் பச்சைச் செங்கல் சுமந்ததில் சிலம்பாயிக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அந்த வலியோடுதான் மகள் தர்சினியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சோற்றுத் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். நாலு வயதுப் பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பிறவியிலேயே காது கேட்காத அதற்கு ஆபரேஷன் செய்து தலைக்குள் கருவி வைத்து, காதில் மெஷினை மாட்டிவிட்டு மூன்று மாதம் ஆகிறது. சத்தம் கேட்டால் கையிலிருக்கும் புளியங்கொட்டையை டம்ளரில் போட வேண்டும் என்று பயிற்சி டீச்சர் பழக்கியிருந்தார். இன்றுவரை ஒன்றும் விழவில்லை.

"செவிட்டுக்கு மோளம் அடிச்சது போதும், சோத்தப் போடு" என்றான் அவள் புருஷன் சங்கிலி.

"நீ செவிடில்லையே. இரு, வரேன்னு சொன்னது கேக்கல?"

அவன் அறைந்தான். பல் குத்தி உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தமானது. டம்ளரில் ஒரு கொட்டை விழுந்தது. பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கொட்டையை எடுத்துக் கன்னத்தருகே வைத்துக்கொண்டு காத்திருந்தது.

சிலம்பாயி ரத்தத்தை விழுங்கினாள். கை தவறி விழுந்ததா, கேட்டுத்தான் போட்டதா என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியாது.

"இன்னொன்னு அடி" என்றாள்.

"பைத்தியமாடி ஒனக்கு?"

"அடிங்கிறேன்ல. ஆம்பளதான நீ?"

முன்னதைவிட ஓங்கி அறைந்தான். அவள் சரிந்து விழுந்தாள். டம்ளரில் இன்னொரு கொட்டை விழுந்தது.

தரையில் கிடந்தபடியே பிள்ளையின் இடுப்பை வளைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். சங்கிலி பயந்துபோய் வாசல் பக்கம் நகர்ந்தான். இரண்டாவது அறை அவளே கேட்டு வாங்கியது, அதற்கு அவனோடு வழக்கில்லை. முதல் அறை பாக்கி. அதை அவள் அவனுக்கு இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.