அழுகைக்கு மார்க் இல்லை

"உங்க மகனைக் காப்பாத்த முடியலம்மா. ஆபரேஷன் நடந்துட்டு இருக்கும்போதே உயிர் போயிடுச்சு."

சொல்லி முடித்துவிட்டு லிசா எதிரே இருந்தவளின் கண்களைப் பார்த்தாள். மடியில் துணிப்பையை இறுக்கிப் பிடித்திருந்த அந்த அம்மா அசையவே இல்லை.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டாக்டர் பிரம்மநாயகம், கையிலிருந்த தாளில் ஒரு டிக் போட்டார். "கண்ணைப் பார்த்துச் சொல்லிட்டா. ஒரு மார்க்."

செம்பூர்ப் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அது. நோயாளியின் வீட்டாரிடம் துக்கச் செய்தியைப் பக்குவமாகச் சொல்வது எப்படி, அவர்கள் மனசை அறிந்து நடந்துகொள்வது எப்படி என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர் அவர். பரீட்சையில் வீட்டாராக நடிக்க வெளியிலிருந்து ஆள் வரவழைப்பார்கள். இன்றைக்குத் தமிழ் பேசும் ஓர் அம்மா வேண்டுமென்று சொல்லியிருந்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டு, "உள்ள போய் உக்காரு, டாக்டர் வருவாங்க" என்று அனுப்பியதும் அவரேதான்.

லிசாவுக்கு இது மறுதேர்வு. போன முறை, நடிக்க வந்தவளோடு சேர்ந்து அவளும் அழுதுவிட்டாள். "தாராவிப் பொண்ணு இல்லையா? துஷ்டி வீட்டுக்கு அழப் போற மாதிரி பரீட்சைக்கு வந்திருக்கா" என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தார் பிரம்மநாயகம். பத்துக்கு இரண்டு போட்டார். இந்தத் தடவையும் போனால் அவளுக்கு ஆறு மாதம் வீண்.

அந்த அம்மாவுக்கு இப்போதுதான் வாய் வந்தது. "என்ன டாக்டரம்மா சொல்லுதீய? அவனுக்குக் காலுதானே ஒடிஞ்சிருக்குன்னு சொன்னாவ?"

உதவிப் பேராசிரியை நாகலக்ஷ்மி தன் தாளைப் புரட்டினாள். "சார், நம்ம கேஸ்ல தலையில அடின்னுதானே எழுதியிருக்கோம்?"

"எழுதிக் குடுத்ததைப் படிச்சுட்டு வர்ற மூஞ்சியா அது? கூலிக்கு மாரடிக்கிற கூட்டம். விடுங்க, இவ எப்படிச் சமாளிக்கிறான்னு பார்ப்போம்."

லிசாவும் ஒரு கணம் தடுமாறினாள். தன்னைச் சோதிக்கத்தான் கேஸை மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். மனப்பாடம் செய்த அடுத்த வரிக்குப் போனாள். "எங்களால ஆனதெல்லாம் செஞ்சோம்மா. உங்ககூட யாராச்சும் வந்திருக்காங்களா?"

"யாரு இருக்கா எனக்கு? அவன் ஒருத்தன்தானே!"

நாற்காலி பின்னால் சாய்ந்தது. அந்த அம்மா தரையில் விழுந்து நெஞ்சில் அறைந்துகொண்டாள். "எலே, காலையில டீ கேட்டியேலே! ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னுட்டாவளே. ஒரு வாய் டீ குடுக்காம உன்னிய உள்ள அனுப்பிட்டேனேலே!"

"சகிக்கல." பிரம்மநாயகம் முகத்தைச் சுளித்தார். "சீரியல் பார்த்துக் கெட்டுப்போனவ. யாரு இவளை இவ்வளவு அழச் சொன்னா? அழுகைக்கு இங்க மார்க் கிடையாது."

"சார், லிசா திரும்பித் திரும்பி நம்ம பக்கமே பார்க்குறா. நிறுத்திடலாமா?"

"நிறுத்துறதா? இனிமேதானே பரீட்சையே. வீட்டாளுக்கும் டாக்டருக்கும் நடுவுல மூணடி இடைவெளி வேணும். டிஷ்யூ நீட்டணும். ஒரு நிமிஷம் பேசாம இருக்கணும். இதைத்தான் வருஷம் முழுக்கத் தொண்டை கிழியச் சொல்லிக் குடுத்தேன். செய்றாளா பார்ப்போம்."

லிசா டிஷ்யூ பெட்டியை எடுத்து நீட்டினாள். அந்த அம்மா அதைப் பார்க்கவே இல்லை. தலையைத் தரையில் முட்டிக்கொள்ளத் தொடங்கினாள்.

பெட்டி கீழே விழுந்தது. லிசா வெறும் தரையில் உட்கார்ந்து அந்தத் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. "அழாதீங்கம்மா" என்றுகூடச் சொல்ல வராமல் அவளும் அழுதாள்.

பிரம்மநாயகம் மணியை அழுத்தினார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நாகலக்ஷ்மி பின்னாலேயே வந்தாள்.

"அதே ரெண்டு மார்க்தான், லிசா. நாய் வாலை நிமிர்த்த முடியுமா? மூஞ்சியைத் துடைச்சுட்டு வெளிய போ."

"சார், இவங்க உடம்பு ஜில்லுன்னு இருக்கு. பல்ஸ் தறிகெட்டு ஓடுது சார்" என்றாள் லிசா.

"அதுக்குத்தான் அவளைக் கூப்பிட்டிருக்கு. நீ ஏமாறணும்னுதான்."

அந்த அம்மா தவழ்ந்து வந்து அவர் காலைப் பிடித்தாள். "ஒரே ஒரு தடவை எம்புள்ள மொகத்தக் காட்டுங்கய்யா. உங்க காலுல விழுதேன்."

"பார்த்தீங்களா நாகலக்ஷ்மி, இன்னும் விட மாட்டேங்கிறா." அவர் காலை உதறிக்கொண்டார். ஷூவில் பட்டிருந்த ஈரத்தைக் கால்மிதியில் தேய்த்தார். "போதும்மா, எந்திரி. அடுத்த பையன் காத்துட்டு இருக்கான். அவன்கிட்டயாவது கொஞ்சம் கம்மியா அழு."

அவள் எழுந்திருக்கவில்லை. லிசா மட்டும் அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாள்.

அப்போது வாசலில் மூச்சிரைக்க ஒருத்தி வந்து நின்றாள். கையில் நாலாக மடித்த காகிதம். முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி டாக்டரைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள்.

"ஸாரி சார், விக்ரோலியிலருந்து வரேன். குர்லாவுல ரெண்டு லோக்கல் ட்ரெயின்ல ஏறவே முடியல. நான் எங்க உக்காந்து அழணும்?"