உடையாத ஹெட்லைட்

அந்த ரகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் நாட்டில் இரண்டுதான் மிச்சம். ஒன்று ஜெபராஜுடையது. மற்றதன்மேல் புளியமரம் விழுந்துவிட்டதென்று அதன் சொந்தக்காரர் துரைக்கண்ணு போனில் அழுதபோது, "ஐயையோ" என்று சொல்லி முடிப்பதற்குள் ஜெபராஜின் மனசு தன் வண்டியின் விலையை இரண்டு மடங்காக்கியிருந்தது.

துக்கம் விசாரிக்க அந்தக் காரிலேயே போவது முறையில்லை என்று பஸ்ஸில் போனான்.

"என்னுது போனாப் போகுதுடா தம்பி, உன்னுதாவது இருக்கே," என்றார் துரைக்கண்ணு. நசுங்கிய வண்டியிலிருந்து கழற்றிய ஹெட்லைட்டை அவன் கையில் கொடுத்தார். "உடையாதது இது ஒண்ணுதான். உன் வண்டிக்கு ஆகும்."

"வேணாண்ணே."

"சும்மா வெச்சுக்க. இனிமே இதுக்கெல்லாம் எங்க போவ?"

சாவு வீட்டில் செய்வதுபோல, போய்வருகிறேன் என்று சொல்லாமல் கிளம்பினான். பஸ்ஸில் ஹெட்லைட்டை மடியில் வைத்துக்கொண்டான். அது தன்னைப் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திருப்பினான்.