எதிர்மாடிக்கு எந்தக் கேமரா?

"எவ்வளவு தூரம் பார்க்கும்? அதை மட்டும் சொல்லு."

லிங்கராஜபுரம் வீட்டு ஹாலில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார் ரெமிஜியஸ். எதிரே மேஜையில் இரண்டு கேமராக்கள். கொண்டுவந்தவன் அவருடைய தம்பி மகன் டிரேவர். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது அவன் தொழில்.

"இது மிரர்லெஸ், பெரியப்பா. ப்ரொஃபஷனல். உள்ளே கண்ணாடியே கிடையாது."

"இவ்வளவு விலையும் வாங்கிட்டு கண்ணாடியையும் கழட்டிட்டானா? கெட்டிக்காரன்."

"ஸ்வல்பம் கேளுங்க பெரியப்பா. மங்கின வெளிச்சத்துலயும் பளிச்சுன்னு எடுக்கும். முகம் எங்க இருக்குன்னு தானே தேடிப் பிடிக்கும். படத்துல கண்ணிமையை எண்ணலாம்."

"நான் இமை எண்ணப் போகல. துரோகிகளை எண்ணப் போறேன்."

மறுநாள் அவருடைய ஒரே மகள் நிக்கோலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நோயல் புரொட்டஸ்டன்ட். நாலு தலைமுறையாக மாதா தேருக்குத் தோள் கொடுத்த குடும்பத்துப் பெண், மாதா சொரூபமே இல்லாத கோயிலில் போய்த் தாலி கட்டிக்கொள்வதா? அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று ரெமிஜியஸ் அறிவித்துவிட்டார். சொந்தத்தில் வேறு யார் மிதித்தாலும் அன்றோடு உறவு முடிந்தது. யார் யார் என்று பார்த்து வைக்க, கோயிலுக்கு எதிரே உள்ள நண்பர் பெர்னார்டின் மாடியில் கேமராவோடு நிற்கப் போகிறார்.

அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஒப்புக்கொண்டிருப்பவனே டிரேவர்தான். பெரியப்பாவிடம், "சனிக்கிழமை எனக்கு ஓசூர்ல ஒரு கல்யாணம்" என்று சொல்லி வைத்திருந்தான். மிரர்லெஸ்ஸில் அவன் வேண்டுமென்றே மாட்டி வந்திருந்த குட்டி லென்ஸ், மாடியிலிருந்து பார்த்தால் ஆட்களை எறும்பாகத்தான் காட்டும். அதை அவர் தலையில் கட்டிவிட்டால் குடும்பமே பிழைத்துக்கொள்ளும்.

"தூரம் பார்க்கறதாக் கொண்டுவரச் சொன்னேனே, அது எங்கே? அந்தத் தடியனா?" என்று மற்றதைக் காட்டினார்.

"அது பிரிட்ஜ் கேமரா, பெரியப்பா. சூப்பர்ஜூம்னு சொல்வாங்க. பழசு, சும்னே கிடக்கட்டும்னு வெச்சிருக்கேன். லென்ஸைக் கழட்டி மாத்த முடியாது. வெளிச்சம் குறைஞ்சா புள்ளி புள்ளியா வரும். முகத்தையெல்லாம் அதுக்குத் தேடத் தெரியாது. நாம எதைக் காட்டறோமோ அதை மட்டும்தான் எடுக்கும்."

"சொன்னதைக் கேட்கும்ங்கறே. இந்தக் குடும்பத்துல அது ஒண்ணாவது இருக்கட்டும்."

இரண்டையும் ஜன்னலில் வைத்துப் பார்த்தார். இரண்டு தெரு தள்ளி மொட்டைமாடியில் அவருடைய தங்கை யூனிஸ் நின்றிருந்தாள். மிரர்லெஸ்ஸில் அவள் ஒரு புள்ளி. பிரிட்ஜ் கேமராவில் ஜூமை இழுக்க இழுக்க, அடுத்த அறைக்கு வந்துவிட்டவள் போல முழுசாக வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமைன்னா பச்சைத் தண்ணி கூடத் தொடமாட்டேன்னாளே. கையில என்னடா அது?"

டிரேவர் எட்டிப் பார்த்தான். "எக் பஃப்ஸ், பெரியப்பா."

"இது போதும். உன் ப்ரொஃபஷனலை நீயே எடுத்துட்டுப் போ."

சமையலறை வாசலில் அவர் மனைவி பிரிஜெட் வந்து நின்றாள். "என்னையும் எடுப்பீங்களா?"

"முதல் படமே உன்னைத்தான்."

"அப்போ பச்சைப் பட்டு கட்டிக்கறேன். அவ்வளவு தூரத்துலயும் அடையாளம் தெரியும்."

சனிக்கிழமை காலை வானத்தில் ஒரு மேகமும் இல்லை. ஆனாலும் ரெமிஜியஸின் சொந்தங்கள் குடை பிடித்துக்கொண்டே கோயிலுக்குள் போனார்கள். யூனிஸ் தன்னைவிடப் பெரிய பூங்கொத்துக்குப் பின்னால் மறைந்து நடந்தாள். டிரேவர் தொப்பியும் மாஸ்க்குமாக, பிள்ளை பிடிக்க வந்தவன் போல இருந்தான். பிரிஜெட் மட்டும் பச்சைப் பட்டில் நிதானமாக வந்து, எதிர்மாடியைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனாள். மாடியில் விறைப்பாக ஓர் உருவம், கண்ணிலிருந்து இறங்காத கேமராவோடு நின்றது.

ஞாயிறு மாலை டிரேவருக்கு உத்தரவு வந்தது. "லேப்டாப்பைக் கொண்டா. எல்லாத்தையும் பெரிசாப் பார்க்கணும்."

கிளம்பும்போது யூனிஸ் ஃபோனில் கெஞ்சினாள். "டேய், அத்தை படம் இருந்தா நைசா அழிச்சிடுடா. மாதா உனக்கு நல்ல வழி காட்டுவா."

பெரியப்பா அருகில் உட்கார்ந்திருக்க, டிரேவர் மெமரி கார்டைச் செருகினான்.

காரிலிருந்து இறங்கும் நிக்கோல். தலையில் நெட் முக்காட்டைச் சரிசெய்யும் நிக்கோல். படியில் புடவை தடுக்கி, தனக்குத்தானே சிரித்துக்கொள்ளும் நிக்கோல். புதுத் தாலியோடு வெளியே வரும் நிக்கோல். பக்கத்தில் நோயலின் பாதிக் காது. டிரேவர் கடைசிவரை தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒரு குடை இல்லை. பூங்கொத்து இல்லை. பச்சைப் பட்டு கூட இல்லை.

அவன் மெல்ல நிமிர்ந்தான். ரெமிஜியஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு இன்னும் நாற்காலியில் படவில்லை.

"கேமரா சரியில்லடா. எந்தப் பக்கம் திருப்பினாலும் அவ முகத்துக்கே போகுது."

சுவரைப் பார்த்தபடியே லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளினார்.

"உள்ளே தாலி கட்டினது இதுல விழல. ஓசூர்ல எடுத்தியே, அந்தப் படத்தைப் போடு."